ஒன்ஸ்மோர்

தென்காசிக்குப் பக்கத்திலே ஒரு கிராமத்தில் அம்மன் கொடை. இரவு பத்து மணிக்கு ‘வள்ளி திருமணம்’ நாடகம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பத்து மணி என்றால் பதினொன்றரை என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பபூன் வந்து சிரிக்க வைத்து, வள்ளி வந்து ஆலோலம் பாடி, நாரதர் வந்து அவளோடு தர்க்கம் செய்து முடிப்பதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வேலன் வந்தார்.

வேலனுக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். முகத்துப் பூச்சு அதை மறைக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தாரோ இல்லையோ, பந்தலில் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு சாரீரம். மேல் ஸ்தாயியில் போய் ஒரு கணம் நின்று, அங்கிருந்து இறங்குகிறபோது சற்றே கரகரத்தது. அந்தக் கரகரப்புக்கூட ஓர் அழகாகத்தான் எனக்குப் பட்டது. பாட்டு முடிந்ததும் நான் ஒரு துண்டுத் தாளில் ‘இன்னொரு முறை’ என்று எழுதி, இருநூறு ரூபாயைச் சேர்த்து மடித்து மேடைக்கு அனுப்பினேன். ஹார்மோனியக்காரர் என் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தார். வேலன் மறுபடி பாடினார். முடிந்ததும் பின்னாலிருந்து வேறொரு சீட்டு வந்தது. மறுபடியும் பாடினார். மூன்றாவது சீட்டும் என்னுடையதுதான். என்னை ஒரு ரசிகன் என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்துக்கும் அதில் பங்குண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் தென்காசி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையில் தகரப் பெட்டி, கழுத்தைச் சுற்றி மப்ளர். டீக்கடைக்காரரிடம் என்னவோ கேட்க முயன்றார், சத்தம் வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, தம்ளரைத் தொட்டுக் காட்டி, வெந்நீர் வேண்டும் என்று சைகையால் கேட்டார். கடைக்காரர் அவரைப் பிறவி ஊமை என்று நினைத்துவிட்டார் போலும். இரக்கத்தோடு ஒரு பன்னையும் சேர்த்து நீட்டினார். வேலன் திரும்பியபோது என்னைக் கண்டுகொண்டார். இரவு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த முகம் நினைவிருந்திருக்க வேண்டும். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அந்தக் கும்பிடு என்னை விடவில்லை. சாயங்காலம் தென்காசியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சியிடம் போய் இதைச் சொன்னேன். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுக்கு மேல் வயது. அவருடைய தகப்பனார் சேர்த்து வைத்த பழைய இசைத்தட்டுக்களை வேட்டித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பாதுகாக்கிறவர்.

“இதுக்குப் போயி ஏன் தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீய? ஒன்ஸ்மோர் கேக்கலேன்னாத்தான் அந்த மனுஷன் செத்துப் போவாரு. கேட்டதுனால யாரும் செத்ததில்ல” என்றார்.

“தொண்டை போய்விட்டதே, அண்ணாச்சி?”

“ரெண்டு நாளுல வந்துரும். வராமப் போனா அடுத்த வருஷம் கொடைக்கு வேற ஆளைக் கூப்பிடுவாங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கேள்வியே அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு பாடகனுடைய வெற்றியில் கேட்கிறவனுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். நாம் கைதட்டாவிட்டால் அது வெற்றியே இல்லை. அப்படியானால் அதற்கு அவன் கொடுக்கிற விலையிலும் நமக்குப் பங்கு உண்டா?

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து ஒரு தட்டை எடுத்தார். எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு.

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஐந்து மைல். குற்றாலமும் சேர்ந்தால் மூன்று ஊர்களும் ஒரு முக்கோணம்; சாரல் விழுந்தால் மூன்றிலும் ஒன்றாகத்தான் விழும். அந்தச் செங்கோட்டையில்தான் 1906-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ஆம் தேதி கிட்டப்பா பிறந்தார். அன்றைக்கு அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ல் மாகாண எல்லைகளை மாற்றி வகுத்தபோதுதான் அது நம் பக்கம் வந்தது. மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் விட்டது 1904-ல். ஆக, ரயிலுக்கு இரண்டு வயது இளையவர் கிட்டப்பா. அந்த ரயில் இல்லாவிட்டால் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போயிருக்க முடியாது. செங்கோட்டைப் பையனும் மதுரைக்கும் சென்னைக்கும் கொழும்புக்கும் போயிருக்க மாட்டான். மேதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ரயிலை மறந்துவிடுகிறார்கள்.

வறுமையான குடும்பம்; பிள்ளைகள் பலர். அண்ணன்மார்களோடு கிட்டப்பாவும் நாடகத்துக்குப் போனார். மேடை ஏறியபோது வயது ஆறு. அந்த நாளில் சங்கரதாஸ் சுவாமிகள் நாடக உலகத்துக்கு ஆசான். வயது வந்த நடிகர்களின் ஒழுங்கீனத்தைப் பார்த்துச் சலித்துப்போய், சிறுவர்களை வைத்து நாடகம் போடுவதில் இறங்கியவர். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அப்போது டி. கே. சண்முகத்துக்கும் வயது ஆறுதான். ஆறு வயதுப் பையன் விடிய விடியக் கண் விழித்துப் பாடியதை இன்றைக்குச் சட்டம் வேறு பெயரிட்டு அழைக்கும். அன்று அதைக் குருகுலம் என்றார்கள். இரண்டு பெயரிலும் உண்மை இருக்கிறது. சாப்பாடு கிடைத்தது, தமிழ் கிடைத்தது, தாளம் கிடைத்தது. தூக்கம் கிடைக்கவில்லை.

பாய்ஸ் கம்பெனிகளில் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. அதற்கு மகரக்கட்டு என்று பெயர். பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போது குரல் உடையும். நேற்றுவரை குயிலாகக் கூவிய தொண்டை ஒரு நாள் காலையில் தவளையாகிவிடும். உடைந்த குரல் திரும்பி வருமா, வந்தால் எப்படி வரும் என்று எந்த வாத்தியாராலும் சொல்ல முடியாது. புதுக்கோட்டை பி. யு. சின்னப்பாவுக்கு அப்படிக் குரல் போனபோது அவர் கம்பெனியை விட்டுப் போய்க் குஸ்தியும் சிலம்பமும் பழகினார். பிறகு 1940-ல் ‘உத்தமபுத்திர’னில் கொடிகட்டிப் பறந்தார் என்பது வேறு விஷயம். அவரைப் போல் திரும்பி வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்! ஹோட்டலில் மாவாட்டப் போனவர்களும், அதே கம்பெனியில் திரை இழுக்க நின்றவர்களும் இருந்திருப்பார்கள். வெற்றிக்குச் செல்லும் நீண்ட பாதை என்று நாம் பேசுகிறோமே, அந்தப் பாதையில் நடந்தவர்களுக்குள் யார் போய்ச் சேருவது என்பதைக் குரல்வளையில் இருக்கிற சிறு தசை ஒன்று தீர்மானித்திருக்கிறது. உழைப்பு பெரிதுதான். ஆனால் உழைப்பு மாத்திரமே என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை.

கிட்டப்பாவின் குரல் அந்தக் கண்டத்தைத் தாண்டியது. கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். கன்னையா என்றால் ஆடம்பரம். மேடையில் காட்சிகளை நிஜம்போலக் கொண்டுவந்து நிறுத்தி ஜனங்களை வாய் பிளக்க வைத்தவர். அவருடைய ‘தசாவதாரம்’ பட்டணத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. அத்தனை ஜோடனைக்கு நடுவிலும் ஜனங்கள் கேட்க வந்தது கிட்டப்பாவின் குரலைத்தான். அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியத்தில் உட்காருவார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும். கேட்டது.

“எங்கப்பா பதினெட்டு வயசுல கிட்டப்பா நாடகம் பாக்கத் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போயிருக்காரு” என்று அண்ணாச்சி சொன்னார். “ஒரே பாட்டை எத்தனை தடவை பாட வச்சாங்கன்னு கணக்கு மறந்து போச்சாம். கடைசித் தடவை பாடும்போதுதான் தம்பி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவாரு. சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

தட்டு சுழன்றது. மூன்று நிமிஷம். அரை மணி, முக்கால் மணி என்று பாடி வளர்த்ததை ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்தில் அடக்கச் சொன்னது அந்த யந்திரம். கீறல் இரைச்சலுக்கு அப்பால், நூறு வருஷத்தை எட்டப் போகிற அந்தக் குரல் பயமில்லாமல் மேலே ஏறிற்று. முடிந்ததும் அண்ணாச்சி என்னைக் கேட்காமலே ஊசியைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தார்.

இதைக் கவனியுங்கள். தட்டுக்கு வலிப்பதில்லை. நூறு தரம் ஒன்ஸ்மோர் கேட்டாலும் அதற்குத் தொண்டை கட்டாது. மனிதத் தொண்டையை நம்முடைய பேராசையிலிருந்து காப்பாற்றவே கிராமபோன் வந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நடந்தது அப்படி இல்லை. தட்டிலே கேட்டவன், அதே பாட்டை அதே மாதிரி நேரிலும் பாட வேண்டும் என்று எதிர்பார்த்தான். பாடகன் அன்றுமுதல் தன்னுடைய தட்டோடு போட்டி போட வேண்டியதாயிற்று. தட்டுக்கு வயதாவதில்லை, அவனுக்கு ஆகிறது.

கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் தேதி இறந்தார். வயது இருபத்தேழு. தமிழ் பேசும் படம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. இருபத்தேழு வயது என்றால், அடடா, பாதையின் ஆரம்பத்திலேயே போய்விட்டாரே என்று இரங்குகிறோம். நான் வேறு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வயதில் தொடங்கி இருபத்தேழில் முடிந்தால் இருபத்தொரு வருஷம். ஒரு குமாஸ்தாவுக்கு இது முக்கால் சர்வீஸ். அவர் இளமையில் இறந்தார் என்பது வாஸ்தவம். குறுகிய காலம் உழைத்தார் என்பது வாஸ்தவமல்ல.

கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஓர் ஆசை வரும். ‘ஒன்ஸ்மோர்தான் அவரைக் கொன்றது’ என்று எழுதினால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்! ஆனால் அது கதையாகும். அவர் நோயால் இறந்தார். நோய்க்குப் பல காரணம். ரசிகர்கள் கொன்றார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதை மட்டும் சொல்லலாம்: அவர் ஓய்வெடுக்க வேண்டும் என்று கேட்ட குரல் எந்தக் கொட்டகையிலும் பலமாக எழவில்லை.

கிட்டப்பாவைப் பற்றிப் பேசினால் கே. பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நீண்ட பாதை என்ற சொல்லுக்கு உண்மையில் உரியவர் அவர்தான். 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். தாய்க்கு ஆதரவில்லை. குழந்தை ரயிலில் பாடிக் காசு வாங்கினாள். அப்படிப் பாடியபோது ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப். ஜி. நடேசய்யர் கேட்டு, நாடக மேடைக்கு வழி காட்டினார் என்பது அவருடைய வரலாற்றை எழுதிய எல்லாரும் சொல்கிற செய்தி. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக வேஷம் கட்டிப் பாடித்தான் அந்தச் சிறுமி முதலில் ஜனங்களின் மனத்தைத் தொட்டாள் என்பார்கள். பசியை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

1926-ல் இலங்கையில் இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். கிட்டப்பாவோடு பாடினால் உன் குரல் எடுபடாது என்று அந்தப் பெண்ணை எச்சரித்தவர்கள் உண்டு. ‘வள்ளி திருமண’த்தில் அவர் வேலன், இவர் வள்ளி. அவர் ஒரு படி ஏறினால் இவர் இன்னொரு படி ஏறுவார். அந்தப் போட்டியில் காதல் பிறந்தது. 1927-ல் கல்யாணமும் நடந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிணக்கும் பிரிவும் வந்தன. மேடையில் அவர்களுடைய சங்கமத்துக்குக் கைதட்டிய ஜனங்களே, வெளியில் வந்து அவர்களுடைய பிரிவையும் ஒரு காட்சியைப் போல ரசித்துப் பேசினார்கள். இதற்கும் அந்த ஜனங்கள் ஒருவிதத்தில் டிக்கெட் வாங்கியிருந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்தினார். மேடையை விட்டு விலகினார். எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அந்தத் தீர்மானத்தோடு ஒரு நடிகையின் வாழ்வு முடிந்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் கணக்கிடுவார்கள். ஆனால் 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு அவரை அழைத்தார்கள். ஆண் வேஷம், நந்தனாராகவே அவர் நடித்தார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் எந்த நடிகரும் கேட்டறியாத தொகை. ரயிலில் காலணாவுக்குப் பாடிய பெண் ஒரு லட்சத்துக்கு வந்து சேர்ந்தாள். சேர்ந்தபோது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவர் இல்லை.

1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’. சட்ட மேலவையில் இடம். 1969-ல் ‘துணைவன்’ படத்துக்காகத் தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார். கிட்டப்பாவுக்குப் பின் நாற்பத்தேழு வருஷம். கணவரோடு வாழ்ந்தது, பிரிந்திருந்த காலத்தையும் சேர்த்தால்கூட, ஏழு வருஷம் வராது.

இதில் எதை வெற்றி என்பது? லட்சம் ரூபாயையா, ஔவையாரையா, அந்த வெள்ளைச் சேலையையா? நான் இதை அண்ணாச்சியிடம் கேட்டேன். “பாடுனாங்கல்லா? அதுதான்” என்றார். முதலில் இது பதிலைத் தட்டிக் கழிப்பது போல இருந்தது. யோசித்துப் பார்த்தால், பாடகியிடமே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ.

எழுத்தாளனாகிய எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சலுகை இருக்கிறது. என் கதையைப் பத்துத் தடவை படிக்கிறவர் என்னிடம் ஒன்றும் பறிப்பதில்லை. நான் அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம். பாடகனுக்கு அப்படி இல்லை. அவனுடைய வாத்தியமும் அவனுடைய உடம்பும் ஒன்று. வீணைக்குத் தந்தி அறுந்தால் மாற்றலாம். ஆகவேதான், மற்றக் கலைகளில் ரசிகனிடம் கேட்காத ஒரு கேள்வியைப் பாட்டில் கேட்க வேண்டியிருக்கிறது.

மேல்நாட்டிலும் கேட்டிருக்கிறார்கள். இத்தாலியில் மிலான் நகரத்து லா ஸ்காலா சங்கீத நாடக சாலையில், 1903-ல், டாஸ்கனினி என்ற பெரிய சங்கீத நடத்துனர், ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டுக் கூச்சலிட்டதற்காக நாடகத்தின் நடுவிலே எழுந்து போய்விட்டார். மறுபடி பாடுவதென்பது பிறகு அங்கே கிட்டத்தட்டத் தீட்டாகிவிட்டது. 1933-க்குப் பிறகு எழுபத்து நாலு வருஷம் அந்த மேடையில் தனிப் பாடகர் ஒருவரும் ஒரு பாட்டை இரண்டு தடவை பாடவில்லை. 2007-ல்தான் ஹுவான் டியேகோ ஃப்ளோரெஸ் என்ற பெரு நாட்டுப் பாடகர் அதை உடைத்தார். மேல் ஸ்தாயியின் உச்சியை ஒன்பது முறை தொட வேண்டிய ஒரு பாட்டை ஜனங்களின் ஆரவாரத்துக்கு இணங்கி இரண்டாம் முறையும் பாடினார். 1933 என்பதைப் படித்தபோது எனக்குக் கிட்டப்பா நினைவு வந்தது, வெறும் தற்செயல்தான். அந்த வெள்ளைக்காரர்கள் தடுத்ததுகூடப் பாடகனின் தொண்டைக்காக அல்ல, நாடகம் கெட்டுப் போகிறதே என்பதற்காக. நம் நாட்டில் நாடகம் கெடுவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. செத்துக் கிடந்த பாத்திரம் எழுந்து பாடிவிட்டு மறுபடி செத்த கதைகளை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதிலே ஒரு தாராளம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். லா ஸ்காலாவின் சட்டத்தை அம்மன் கொடைக்குக் கொண்டுவர நான் விரும்பவில்லை.

மறுநாள் அண்ணாச்சியும் நானும் குற்றாலத்துக்குப் போனோம். வழியில் மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலக் குறவஞ்சி என்பதும் பாடி நடிப்பதற்கென்று எழுந்த நூல்தானே. அதற்காக மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் நின்றது. “அந்தக் காலத்துல பாட்டுக்கு நிலம் கொடுத்தாங்க. இப்ப துண்டுச் சீட்டுல இருநூறு ரூவா” என்று அண்ணாச்சி என்னைக் குத்தினார்.

குற்றாலத்தில் ஒருவர் ரசிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். ரசிகமணி டி. கே. சி. வக்கீல் படிப்பு, தென்காசிக் குடும்பம். கச்சேரி செய்ததில்லை, காவியம் எழுதியதில்லை. ராஜாஜியும் கல்கியும் தேடி வந்து அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். எதை? கம்பனுடைய ஒரு பாட்டை அவர் அனுபவிப்பதை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாராம். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு புது வாசல் திறக்கும். 1954-ல் மறைந்தார். அங்கே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது: அவரும் ஒன்ஸ்மோர் ரசிகர்தான். ஆனால் அந்த ஒன்ஸ்மோருக்கு வேலை செய்தது அவருடைய நெஞ்சும் அவருடைய தொண்டையும். கவிஞனை மறுபடி உழைக்கச் சொல்லவில்லை. நானோ இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு என் பங்கு உழைப்பு முடிந்தது என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வேலன் முதல் தடவை பாடியதை நான் முழுக்கக் கேட்டிருந்தால் இரண்டாம் தடவை எனக்குத் தேவைப்பட்டிருக்குமா?

இது கொஞ்சம் அதிகப்படியான பேச்சு என்பதும் எனக்குத் தெரிகிறது. பாட்டு வேறு, படித்த பாட்டு வேறு. காதில் விழுந்த இனிமை மறுபடி விழ வேண்டும் என்று ஏங்குவது குற்றமல்ல. நான் செய்த குற்றம் அதைவிடச் சிறியது, ஆகவே அதைவிட மோசமானது. நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் போய், ‘ஐயா, வெந்நீர் சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு உடம்பு ஒன்று இருக்கிறது என்பதே பஸ் நிலையத்தில்தான் தெரிந்தது.

பேரருவியில் சுமாராகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அருவி யாருக்காகவும் விழவில்லை என்று தத்துவம் பேசலாம். ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், “போன வருஷம் சீசன் ஏமாத்திருச்சு, இந்த வருஷமும் இவ்வளவுதானா” என்று அருவியைக் கோபித்துக்கொண்டிருந்தார். மலையையே அப்படிக் கேட்கிறவர்கள் மனிதனை விடுவார்களா?

திரும்பும்போது தென்காசிக் கோயிலுக்குப் போனோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. அங்கே அவனுடைய கல்வெட்டு ஒன்றைப் பற்றி ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள். பின்னாளில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர்கள் யாராயிருந்தாலும் அவர்கள் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று அரசன் எழுதி வைத்திருக்கிறான். செய்தவன் பிறக்காதவர்களை நோக்கிக் கும்பிட்டிருக்கிறான். பழைய ராஜகோபுரம் சிதைந்து மொட்டையாக நெடுங்காலம் நின்றது. 1990-ல்தான் மறுபடி எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்தார்கள். அந்தக் கோபுரத்தின் கீழே நின்றபோது, பஸ் நிலையத்தில் எனக்குக் கிடைத்த கும்பிடு மறுபடி கண் முன்னே வந்தது. கும்பிட்டவருக்கு நான் இனிமேல்தான் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த வருஷக் கொடைக்கும் போயிருந்தேன். அதே வேலன்தான். தொண்டை திரும்பி வந்திருந்தது. சுருதியை மட்டும் அரைக் கட்டை இறக்கியிருந்தார். அண்ணாச்சி வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீரும் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டும் கொண்டு போயிருந்தோம். பாட்டு முடிந்தது. பின்னாலிருந்து யாரோ ஒரு பையன், “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினான். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மேடையின் பின்பக்கமாக நடந்தேன். பந்தற்கால் அருகே போவதற்குள் அவர் மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார். பிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடியே அங்கே நின்று கேட்டேன்.